ஜான் மெலன்கேம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மேசை இழுப்பறையில் மூன்று கேசட்டுகள் இருக்கின்றன. முதலாவதன் முகப்பில் ஜான் கூகர் என்றும், இரண்டாவதில் ஜான் கூகர் மெலன்கேம்ப் என்றும், மூன்றாவதில் ஜான் மெலன்கேம்ப் என்றும் பெயர் அச்சாகியிருக்கிறது. மூன்றிலும் இருப்பது ஒரே அமெரிக்க ராக் பாடகரின் முகம். அவற்றை எடுத்துப் பார்த்தவர்களும், இரவல் வாங்கிப்போய்க் கேட்டவர்களும் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களை எழுப்பி வந்ததால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். பாடல்களின் பெயர்களை அவற்றின் ஒலிப்பிலேயே எழுதி, வரிகளின் பொருளை மட்டும் என் சொற்களில் சொல்லியிருக்கிறேன்.

இவர்கள் மூன்று பேரா, ஒரே ஆளா?

ஒரே ஆள்தான். 1976-இல் வெளிவந்த முதல் ஆல்பத்தில் அவர் ஜானி கூகர். பின்னர் ஜான் கூகர். 1983-இல் ஜான் கூகர் மெலன்கேம்ப். 1991-இல் ஜான் மெலன்கேம்ப். பெற்றோர் வைத்த பெயரோடு மட்டும் ஓர் ஆல்பத்தை வெளியிட அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. கூகர் என்பது அமெரிக்கக் காடுகளில் திரியும் பூனையினத்தைச் சேர்ந்த ஒரு பெரிய விலங்கின் பெயர். அது அவருடைய குடும்பப் பெயரும் அன்று, அவர் விரும்பிச் சூட்டிக்கொண்டதும் அன்று. அந்தக் கதை கீழே தனிக் கேள்வியாக வருகிறது.

அவருடைய இசையை ஹார்ட்லேண்ட் ராக் என்கிறார்களே, அது கன்ட்ரி இசைதானே?

இல்லை. கடற்கரைப் பெருநகரங்களுக்கு அப்பால் வயல்களும் ஆலைகளும் சிற்றூர்களுமாக விரிந்து கிடக்கும் தங்கள் நாட்டின் நடுப்பகுதியை அமெரிக்கர்கள் ஹார்ட்லேண்ட் என்று அழைக்கிறார்கள். 1970-களின் பிற்பகுதியில் உருவாகி 1980-களில் உச்சத்துக்குப் போன ஒருவகை ராக் இசைக்கு இந்தப் பெயர் வந்தது. கிட்டார், டிரம்ஸ், ஆர்கன் போன்ற அடிப்படைக் கருவிகளும், சுற்றிவளைக்காத தாளமும், கூலிக்கு உழைக்கிறவர்களின் அன்றாடத்தைப் பேசும் வரிகளும் அதன் அடையாளங்கள். கன்ட்ரி என்பது தென் மாநிலங்களின் கிராமியப் பாடல்களிலிருந்து வளர்ந்த வேறொரு வகை; அதன் தலைநகரம் நாஷ்வில். ஹார்ட்லேண்ட் ராக் பால் குடித்ததோ 1960-களின் ராக், கறுப்பின மக்களின் சோல் இசை, வுடி கத்ரி வழிவந்த நாட்டுப்பாடல் மரபு ஆகியவற்றிடம்.

டெட்ராய்ட் பகுதியின் பாப் சீகர், நியூ ஜெர்சியின் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஃப்ளோரிடாவில் பிறந்த டாம் பெட்டி, இண்டியானாவின் மெலன்கேம்ப் ஆகிய நால்வரையும் இந்த வகையில் சேர்த்துச் சொல்வது வழக்கம். வரைபடத்தை விரித்துவைத்துப் பார்த்தால், சோள வயல்களுக்கு நடுவில் பிறந்து அங்கேயே தங்கிவிட்டவர் மெலன்கேம்ப் ஒருவர்தான்.

அவர் உண்மையிலேயே சிற்றூர்க்காரரா, அல்லது பாட்டுக்காக அப்படிச் சொல்லிக்கொள்கிறாரா?

உண்மையிலேயே சிற்றூர்க்காரர். 1951 அக்டோபர் 7-ஆம் தேதி, தெற்கு இண்டியானாவில் உள்ள சீமோர் என்ற ஊரில் பிறந்தார். பிறக்கும்போதே முதுகெலும்பு சரியாக மூடாத குறையோடு பிறந்த அவருக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இண்டியானாபொலிஸ் நகரில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்தக் காலத்தில் அந்தக் குறையோடு பிறந்த குழந்தைகளில் பலர் பிழைக்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், பின்னாளில் மேடையில் அவர் துள்ளி ஆடும் காட்சிகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அவர் உழவர் வீட்டுப் பிள்ளை அல்லர். தந்தை மின்பணி நிறுவனம் ஒன்றில் பொறுப்பான வேலையில் இருந்தார். ஆனாலும் உழவர்களின் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்து, ஒரே தெருவில் வளர்ந்து, அவர்களில் பலருடைய நிலம் பறிபோவதை அருகிலிருந்து பார்த்தவர். புகழ் வந்த பிறகும் லாஸ் ஏஞ்சலிஸுக்கோ நியூயார்க்குக்கோ குடிபெயராமல், சீமோரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள புளூமிங்டன் பக்கத்திலேயே வீடு கட்டி, அருகில் பெல்மான்ட் என்ற இடத்தில் சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தையும் அமைத்துக்கொண்டார்.

பாட்டுக்கு எப்படி வந்தார்? படிப்பு ஏதாவது உண்டா?

பதினான்கு வயதில் கிரேப் சோல் என்ற உள்ளூர்க் குழுவில் பாடத் தொடங்கினார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்திருந்த குழு அது. 1960-களின் நடுவில் தெற்கு இண்டியானாவில் அப்படி ஒரு குழு மேடையேறுவது எளிய காரியமாக இருக்கவில்லை. தன் நண்பனை மேடையில் கொண்டாடிவிட்டு மேடையை விட்டு இறங்கியதும் வெளியே நிறுத்திய மனிதர்களை அந்த வயதிலேயே கண்டதைப் பிற்காலப் பேட்டிகளில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். இனப் பாகுபாடு குறித்து அவர் பின்னர் எழுதிய பாடல்களுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

பதினெட்டு வயதில் வீட்டுக்குத் தெரியாமல் காதலியை மணந்து, பத்தொன்பதில் தகப்பனானார். வின்சென்ஸ் பல்கலைக்கழகம் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் படித்தார்; தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1970-களின் நடுவில், தான் பாடிப் பதிவுசெய்த நாடாக்களை எடுத்துக்கொண்டு நியூயார்க் போனார்.

கூகர் என்ற பெயரை யார் வைத்தது? பிடிக்காத பெயரை அவர் ஏன் ஏற்றுக்கொண்டார்?

பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் மேலாளராக இருந்து பெயர் பெற்ற டோனி டிஃப்ரீஸ்தான் வைத்தார். நியூயார்க்கில் மெலன்கேம்பை ஒப்பந்தம் செய்தவர் அவரே. நாக்கில் புரளாத ஒரு ஜெர்மானியக் குடும்பப் பெயரோடு ராக் பாடகன் விலைபோக மாட்டான் என்பது அவருடைய கணக்கு. எம்.சி.ஏ. என்ற இசைத்தட்டு நிறுவனம் 1976-இல் வெளியிட்ட செஸ்ட்நட் ஸ்ட்ரீட் இன்சிடென்ட் என்ற ஆல்பத்தின் அட்டையைப் பார்த்தபோதுதான் தன் பெயர் ஜானி கூகர் என்று ஆகியிருப்பதை மெலன்கேம்ப் அறிந்தார். அவர் எதிர்த்துப் பார்த்தார். இந்தப் பெயரில் வரும், இல்லையென்றால் ஆல்பமே வராது என்ற நிலை. இருபத்து நான்கு வயது, கையில் காசில்லை, வீட்டில் மனைவியும் குழந்தையும். அவர் பணிந்துபோனார்.

அந்த ஆல்பத்தின் தலைப்பில் வரும் செஸ்ட்நட் தெரு, சீமோரின் கடைத்தெரு. ஆல்பத்துக்கு விளம்பரமாக ஜானி கூகர் நாள் என்று ஒன்றை அறிவித்து, சொந்த ஊரிலேயே அவரை வைத்து ஊர்வலம் நடத்தினார்கள். ஜான் என்று பெயர் சொல்லி அழைத்துப் பழகிய மனிதர்கள் இரண்டு பக்கமும் நின்று பார்க்க, யாரோ வைத்த பெயரோடு சொந்தத் தெருவில் வலம்வர வேண்டியிருந்த இளைஞனின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். அவருடைய முழு வாழ்க்கையையும் புரிந்துகொள்ள எனக்குத் திறவுகோலாக இருப்பது இந்தக் காட்சிதான். இதன் பிறகு அவர் செய்ததெல்லாம் அந்தத் தெருவை அந்தப் பெயரிடமிருந்து மீட்டது என்றே நான் கருதுகிறேன். ஆல்பம் விற்கவில்லை, நிறுவனமும் அவரைக் கைவிட்டது.

அப்படித் தோற்றவர் எப்படி மேலே வந்தார்?

ஆஸ்திரேலியா வழியாக வந்தார். பிரிட்டிஷ் பாடகர் ராட் ஸ்டீவர்ட்டின் மேலாளரான பில்லி காஃப் அவரைத் தன் ரிவா நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டு, 1978-இல் எ பயோகிராஃபி என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அமெரிக்காவில் அது வெளிவரவே இல்லை. ஆனால் அதிலிருந்த ஐ நீட் எ லவர் என்ற பாடல் ஆஸ்திரேலியாவில் முதல் ஐந்து இடங்களுக்குள் ஏறியது. 1979-இல் அமெரிக்கப் பாடகி பாட் பெனட்டார் அதைத் தன் முதல் ஆல்பத்தில் பாட, அமெரிக்க வானொலிகளும் எழுதியவரைத் தேடத் தொடங்கின. 1980-இல் வந்த ஆல்பத்தைத் தயாரித்தவர் மெம்ஃபிஸ் சோல் இசையின் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பர்.

உண்மையான வெற்றி 1982-இல் வந்தது. அமெரிக்கன் ஃபூல் ஆல்பம் அமெரிக்க இசை விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ஹர்ட்ஸ் ஸோ குட் இரண்டாம் இடம் வரை போனது. ஜாக் அண்ட் டயான் நான்கு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. ஹர்ட்ஸ் ஸோ குட் பாடலுக்குக் கிராமி விருதும் கிடைத்தது.

ஜாக் அண்ட் டயான் வெறும் விடலைக் காதல் பாட்டுதானே? நடுவில் ஏன் கைதட்டல்?

மேலோட்டமாகக் கேட்டால் சிற்றூர்ப் பையன் ஒருவனும் பெண் ஒருத்தியும் ஐஸ்கிரீம் கடை வாசலில் பொழுதுபோக்கும் கதைதான். ஆனால் அதன் பல்லவி, வாழ்வின் கிளர்ச்சி தீர்ந்த பிறகும் வாழ்க்கை நீண்டுகொண்டே போகும் என்கிறது. பதினாறு வயதுக்காரர்களைப் பற்றிய பாட்டில் இப்படி ஒரு வரி வைக்க அவருக்குத் துணிவு இருந்தது. முதலில் எழுதியபோது ஜாக் ஒரு கறுப்பினப் பையன் என்றும், நிறுவனம் தயங்கியதால் அதை மாற்ற வேண்டியதாயிற்று என்றும் மெலன்கேம்ப் பின்னாளில் வெளிப்படுத்தினார். கிரேப் சோல் குழுவைப் பற்றி மேலே சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

கைதட்டல், ஒலிப்பதிவின்போது தாளம் தவறாமல் இருக்கத் தற்காலிகமாக வைக்கப்பட்டது. பிறகு அழித்துவிடுவதாகத்தான் திட்டம். அழித்துவிட்டுக் கேட்டபோது பாடலே நிற்கவில்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இந்தப் பாட்டு தேறாது என்று மெலன்கேம்பே ஒதுக்கிவைக்க இருந்த நேரத்தில், போவியின் குழுவில் கிட்டார் வாசித்தவரான மிக் ரான்சன் நடுவில் கூட்டுக்குரல்களை நுழைக்கும் யோசனையைச் சொல்லிக் காப்பாற்றிக் கொடுத்தார். ஹெட்ஃபோனில் கேட்கும்போது கிட்டார், கைதட்டல், கிட்டார் என்று மாறிமாறி வரும் அந்த முதல் சில நொடிகளைக் கவனியுங்கள். அவ்வளவு வெற்றிடம் விட்டுத் தொடங்கிய பாடல் அந்த ஆண்டு வானொலியில் வேறெதுவும் இல்லை என்பேன்.

வெற்றி வந்ததும் சொந்தப் பெயருக்கு ஏன் உடனே மாறவில்லை?

மக்கள் இலட்சக்கணக்கில் வாங்கியது ஜான் கூகரின் இசைத்தட்டை. திடீரென்று வேறு பெயர் போட்டால் கடைக்காரருக்கே யாரென்று தெரியாது என்ற அச்சம் நிறுவனத்துக்கு இருந்தது. ஆகவே சமரசம் செய்துகொண்டார்கள். 1983-இல் வந்த அஹ் ஹ ஆல்பத்தில் கூகரை நடுவில் விட்டுத் தன் குடும்பப் பெயரைக் கடைசியில் சேர்த்தார். பாட்டுகளும் அதே ஆல்பத்திலிருந்துதான் தெளிவாக அவருடைய ஊரைப் பற்றியவையாக மாறின. இண்டியானாவின் ஒரு பண்ணை வீட்டில், பதினாறே நாட்களில் பதிவுசெய்யப்பட்டது அது.

பிங்க் ஹவுசஸ் தேசபக்திப் பாடல்தானே? அரசியல் கூட்டங்களில் போடுகிறார்களே?

பல்லவியை மட்டும் காதில் வாங்கினால் அப்படித் தோன்றும். அதே ஆல்பத்தில் உள்ள இந்தப் பாட்டின் தொடக்கம் வேறு. இண்டியானாபொலிஸ் விமான நிலையத்திலிருந்து வீடு திரும்பும் வழியில், மேம்பாலத்தின் மேல் காரில் போய்க்கொண்டிருந்தபோது, கீழே இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய ஒரு சிறு வீட்டு வாசலில் வயதான கறுப்பின மனிதர் ஒருவர் பூனையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார். நெடுஞ்சாலை அந்த மனிதரின் முற்றத்தையே தின்றுவிட்டிருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் கையசைத்தார், இவரும் அசைத்தார். அந்த மனிதர் தன் வாழ்வில் நிறைவாக இருப்பதாக நினைக்கிறாரா, வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டாரா என்ற கேள்விதான் பாடல் முழுவதும் ஓடுகிறது. அடுத்துவரும் கண்ணியில், நீ குடியரசுத் தலைவர்கூட ஆகலாம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட இளைஞன் ஒருவனின் கனவு கலைந்துபோகிறது. ஆகையால் பல்லவியில் வரும் நாட்டுப் பெருமையை, இவ்வளவையும் பார்த்த பிறகு எழும் கசப்போடு சேர்த்தே கேட்க வேண்டும்.

2008 தேர்தலின்போது குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெயினின் பிரசாரத்தில் இப்பாடலைப் பயன்படுத்தினார்கள். மெலன்கேம்பின் தரப்பு ஆட்சேபம் தெரிவித்ததும் நிறுத்திவிட்டார்கள். 2009 ஜனவரியில் ஒபாமாவின் பதவியேற்பை ஒட்டி லிங்கன் நினைவகத்தின் முன் நடந்த விழாவில் அவரே இதைப் பாடினார். அங்கும் அவர் வரிகளை மென்மையாக்கவில்லை.

நிலத்தை உழாத ஒரு பாடகர் விவசாயிகள் விஷயத்தில் எதற்குத் தலையிட்டார்?

1980-களில் அமெரிக்க உழவர்களுக்கு நேர்ந்ததை அறியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1970-களில் சோவியத் ஒன்றியம் பெருமளவில் தானியம் வாங்கியதால் விலை ஏறியது. வரப்பு விடாமல் விதையுங்கள் என்று அரசே ஊக்கியது. வங்கிகள் நிலத்தின் மதிப்பைக் காட்டித் தாராளமாகக் கடன் கொடுத்தன. பத்தாண்டு முடிவதற்குள் காற்று திசைமாறியது. பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்த, 1980 டிசம்பரில் வங்கிகளின் அடிப்படை வட்டியே 21.5 விழுக்காட்டைத் தொட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்துக்குத் தானியம் விற்பதற்குத் தடையும் வந்திருந்தது. தானிய விலை சரிய, நிலத்தின் விலையும் சரிந்தது. ஐயோவா மாநிலத்தில் 1981-இல் ஏக்கருக்குச் சராசரியாக 2,147 டாலராக இருந்த நிலம், 1986-இல் 787 டாலருக்கு வந்துவிட்டது. கடன் மட்டும் பழைய மதிப்பிலேயே நின்றது. தாத்தா காடு திருத்திய நிலத்தைப் பேரன் கண்ணெதிரே வங்கி ஜப்தி செய்து ஏலத்தில் விடுவது ஊருக்கு ஊர் நடந்தது.

1985-இல் வந்த ஸ்கேர்குரோ ஆல்பத்தின் முதல் பாடலான ரெய்ன் ஆன் தி ஸ்கேர்குரோ இதைத்தான் பாடுகிறது. பாட்டில் பேசுகிற உழவன், தன் நிலத்தை ஏலம் விட வந்தவனைப் பெயர் சொல்லி அழைக்கிறான்; ஏனென்றால் அவன் பழைய நண்பன். என் வேலை இது, தப்பாக நினைக்காதே என்று அந்த நண்பன் சொல்கிறான். நீதிமன்ற வளாகத்தில் தொண்ணூற்றேழு சிலுவைகள் நடப்பட்டிருக்கின்றன. நிலத்தை இழந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று. அடமானம், வட்டி, ஜப்தி ஆகிய சொற்களின் கனத்தை அறிந்த நம் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. உழாதவர் எதற்குப் பேச வேண்டும் என்று கேட்டால், ஏலம் போடுகிறவனும் ஏலத்தில் இழக்கிறவனும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கும் இடத்தில் அவர் வாழ்ந்தார் என்பதே என் பதில்.

ஃபார்ம் எய்ட் என்பது என்ன? ஒருநாள் கச்சேரியால் கடன் தீருமா?

1985 ஜூலையில் ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட நடந்த லைவ் எய்ட் மேடையில், இந்தப் பணத்தில் கொஞ்சம் நம் உழவர்களின் அடமானக் கடனுக்கும் போனால் நல்லது என்ற பொருளில் பாடகர் பாப் டிலன் ஒரு வார்த்தை சொன்னார். அந்த மேடையில் அது பொருந்தாத பேச்சு என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அதைப் பிடித்துக்கொண்ட கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன், ராக் பாடகர் நீல் யங்கையும் மெலன்கேம்பையும் சேர்த்துக்கொண்டு, இரண்டே மாதத்தில், செப்டம்பர் 22 அன்று, இல்லினாய் மாநிலத்தின் சாம்பெய்ன் நகரில் ஒரு நாள் முழுவதும் நீடித்த கச்சேரியை நடத்தினார். ஏறத்தாழ 80,000 பேர் திரண்டார்கள். 70 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

நாடு முழுவதும் உழவர்களின் கடன் பல்லாயிரம் கோடி டாலராக இருந்ததால் இந்தத் தொகை கடலில் கரைத்த பெருங்காயம்தான். அது அவர்களுக்கும் தெரியும். ஆகவே ஒரு நாளோடு நிறுத்தாமல் நிலையான அமைப்பாக்கினார்கள். ஜப்திக்கு ஆளானவர்கள் அழைத்துப் பேசுவதற்குத் தொலைபேசி வழி உதவி, வழக்குச் செலவுக்கு உதவி, உழவர் சங்கங்களுக்கு நிதி என்று பணம் போனது. 1987-இல் நெல்சனும் மெலன்கேம்பும் உழவர்களை அழைத்துக்கொண்டு அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போய்ச் சாட்சியம் அளித்தார்கள். நிலத்தை உடனே பறிக்காமல் கடனை மாற்றியமைக்க வழிசெய்யும் வேளாண் கடன் சட்டம் அந்த ஆண்டே நிறைவேறியது. கச்சேரி இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. 2025 செப்டம்பரில் மினியாபொலிஸில் நாற்பதாம் ஆண்டைக் கொண்டாடியது.

பாடல்களை அவரே எழுதுகிறாரா, வேறு யாராவது எழுதிக் கொடுக்கிறார்களா?

பெரும்பாலும் அவரே. கூட்டாக எழுதியவற்றில் முக்கியமானவை ஜார்ஜ் கிரீனோடு எழுதியவை. கிரீன் சீமோரில் அவரோடு சிறுவயதிலிருந்தே பழகிய நண்பர், 2011-இல் மறைந்தார். ஹர்ட்ஸ் ஸோ குட் பாடலிலும், மேலே சொன்ன ஏலப் பாடலிலும் அவருடைய கை இருக்கிறது. ஒரே மண்ணில் வளர்ந்த இருவர் உட்கார்ந்து எழுதியதால்தான் அந்த ஏலக்காரனின் பேச்சு அவ்வளவு இயல்பாக வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1987-க்குப் பிறகு ஃபிடிலும் அக்கார்டியனும் வந்துவிட்டனவே, ராக்கை விட்டுவிட்டாரா?

விடவில்லை, வேரை நோக்கிப் போனார். ஸ்கேர்குரோவுக்கு முன்பே, 1960-களின் பழைய பாடல்கள் ஏறத்தாழ நூறைத் தன் குழுவினர் கற்று வாசித்துப் பழக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியவர் அவர். தி லோன்சம் ஜூபிலி ஆல்பத்துக்கு இன்னும் ஒரு படி பின்னால் போய், கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டுக் கருவிகளைக் கொண்டுவந்தார். லிசா ஜெர்மானோவின் ஃபிடிலும் ஜான் கசெல்லாவின் அக்கார்டியனும், கென்னி அரோனாஃபின் இடிபோன்ற டிரம்ஸுக்கு நடுவே ஒலிக்கின்றன. பேப்பர் இன் ஃபயர் பாடலில் ஃபிடிலும் அக்கார்டியனும் ஒரே மெட்டைச் சேர்ந்து இழுக்கும்போது எது எந்தக் கருவி என்று பிரித்தறிய முடியாது. மின் கிட்டார் அதுவரை ஏற்றிருந்த பொறுப்பை அவை ஏற்றுக்கொண்டன. இன்று அமெரிக்கானா என்று தனி வகையாகவே பேசப்படும் இசைக்கு இந்த ஆல்பம் பாதை வெட்டிக் கொடுத்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

சுருக்கமாகச் சொன்னால், ஸ்பிரிங்ஸ்டீனின் நகல்தானே?

இந்தக் கேள்வி என்னை வருத்துகிறது. ஆனால் அடிக்கடி வருவதால் பதில் சொல்லியாக வேண்டும். இருவரும் உழைக்கும் மக்களைப் பாடுகிறார்கள் என்பது உண்மை. ஸ்பிரிங்ஸ்டீனின் மனிதர்கள் பெரும்பாலும் காரை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுத் தப்ப நினைக்கிறார்கள்; மெலன்கேம்பின் மனிதர்கள் தங்கிவிடுகிறார்கள். தங்குவதன் விலை என்ன, அதில் கிடைப்பது என்ன என்பதே அவருடைய பாட்டு. ஸ்மால் டவுன் பாடலில் பிறந்த இடத்திலேயே சாகப்போவதைக் குறையாகச் சொல்லாமல் உரிமையாகச் சொல்கிறார். இசையிலும் ஸ்பிரிங்ஸ்டீனிடம் சாக்ஸஃபோனும் பியானோவுமாகப் பெருங்கூட்டம் உண்டு; இவருடையது கிட்டாரும் டிரம்ஸும் முன்னால் நிற்கும் இறுக்கமான ஒலி. இருவரும் நண்பர்கள், 2022-இல் வந்த ஸ்ட்ரிக்ட்லி எ ஒன் ஐட் ஜாக் ஆல்பத்தில் ஸ்பிரிங்ஸ்டீன் சேர்ந்து பாடியிருக்கிறார்.

குரல் ஏன் இவ்வளவு கரகரப்பாகிவிட்டது?

சிகரெட்தான் காரணம். 1994-இல், வைல்ட் நைட் என்ற பழைய பாடலை பாடகி மெஷெல் என்டெகியோசெல்லோவோடு பாடி மூன்றாம் இடம் வரை கொண்டுபோன அதே ஆண்டில், நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு மாரடைப்பு வந்தது. சுற்றுப்பயணத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் பிறகும் அவர் புகைப்பதை விடவில்லை. அவரை நேசிக்கிற எவருக்கும் இது வேதனையான செய்தி. இன்றைய குரல் முதிய நாட்டுப்பாடகர் ஒருவரின் குரலாக, சரளைக்கல்லில் வண்டிச் சக்கரம் உருளுவது போல ஒலிக்கிறது. பிற்காலப் பாடல்களின் பொருளுக்கு அது பொருந்துகிறது என்பதையும் மறுக்க முடியாது.

கார் விளம்பரத்துக்குப் பாட்டைக் கொடுத்தாரே, கொள்கை எங்கே போயிற்று?

ஆவர் கன்ட்ரி என்ற அவருடைய பாடல், 2006-இன் பிற்பகுதியிலிருந்து செவர்லே நிறுவனத்தின் சில்வராடோ என்ற பிக்கப் வண்டியின் விளம்பரத்தில் ஒலித்தது. அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்புகளுக்கு நடுவே அது எண்ணற்ற முறை வந்ததால் கேட்பவர்கள் சலித்துப்போனார்கள். பாடல்களை விளம்பரத்துக்குக் கொடுப்பதை முன்பு கண்டித்தவர் அவர் என்பதால் விமர்சனமும் கடுமையாக இருந்தது. ஐம்பது கடந்தவரின் புதிய பாட்டை வானொலிகள் ஒலிபரப்புவதில்லை, மக்கள் காதுக்குக் கொண்டுபோக வேறு வழியில்லை என்பது அவர் சொன்ன காரணம். காரணம் உண்மைதான். ஆனாலும் அந்தப் பாடலுக்கு அது நன்மை செய்யவில்லை என்பது என் கருத்து. சமத்துவத்தைக் கேட்கும் அதன் கண்ணிகள் விளம்பரத்தில் வெட்டுப்பட்டுப் பல்லவி மட்டும் மிஞ்சியது. பிங்க் ஹவுசஸுக்கு நேர்ந்த அதே விபத்து, இம்முறை அவர் ஒப்புதலோடு.

மோனோவில் ஓர் ஆல்பம் பதிவுசெய்தாராமே?

ஆம், 2010-இல் வந்த நோ பெட்டர் தேன் திஸ். மோனோ என்றால் ஒலியை இடம், வலம் என்று பிரிக்காமல் ஒரே தடத்தில் பதிவுசெய்வது. தயாரிப்பாளர் டி போன் பர்னெட். 1955-ஆம் ஆண்டின் ஆம்பெக்ஸ் நாடா இயந்திரம் ஒன்று, ஒரே ஒரு மைக், அதைச் சுற்றி நிற்கும் கலைஞர்கள். பிறகு திருத்துவதற்கு வழியே இல்லை. யாருடைய ஒலி கூட வேண்டுமோ அவர் மைக்கை நோக்கி ஓரடி நெருங்க வேண்டும். பதிவுசெய்த இடங்கள் மூன்று: ஜார்ஜியாவின் சவானா நகரில் கறுப்பின மக்களின் பழைமையான ஃபர்ஸ்ட் ஆப்பிரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயம்; மெம்ஃபிஸின் சன் ஸ்டூடியோ; டெக்சாஸின் சான் அன்டோனியோவில் கன்டர் ஹோட்டலின் 414-ஆம் எண் அறை. அந்த அறையில்தான் 1936 நவம்பரில் புளூஸ் மேதை ராபர்ட் ஜான்சன் முதன்முதலாகப் பாடிப் பதிவுசெய்தார். எண்பதுகளின் பாடல்களை மட்டும் கேட்டவர்களுக்கு இந்த ஆல்பம் பெரும் வியப்பைத் தரும்.

ஓவியமும் வரைவாராமே, பொழுதுபோக்கா?

பொழுதுபோக்கைவிட மேல். 1988-இல் நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக்கில் முறையாகப் பயின்றார். ஓட்டோ டிக்ஸ், மாக்ஸ் பெக்மான் போன்ற ஜெர்மானிய ஓவியர்களின் சாயல் அவருடைய இருண்ட உருவப்படங்களில் தெரிகிறது. 2012-இல் டென்னசி மாநில அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது.

விருதுகள்?

ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் 2008 மார்ச்சில் சேர்க்கப்பட்டார். அறிமுக உரை ஆற்றியவர் பில்லி ஜோயல். 2018-இல் பாடலாசிரியர் புகழ்மன்றமும் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு வுடி கத்ரி பரிசும் கிடைத்தது. ஹார்ட்லேண்ட் ராக் பற்றிய பதிலில் கத்ரியின் பெயரைச் சொன்னேன். அந்த மரபின் பெயரால் வந்த பரிசு என்பதால், மற்ற இரண்டைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

ஸ்கேர்குரோ ஆல்பத்தின் முதல் மூன்று தடங்களை, வரிசை மாற்றாமல் கேளுங்கள். முதலில் நிலம் ஏலம் போகும் பாடல், டிரம்ஸ் அதிர. அது ஓய்ந்ததும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக, ஒரு முதிய பெண்ணின் நடுங்கும் குரல் பழைய பாட்டொன்றைப் பாடுகிறது; அவர் மெலன்கேம்பின் பாட்டி லாரா. அந்தக் குரல் அடங்கிய இடத்தில் ஸ்மால் டவுன் தொடங்குகிறது. பாடல்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தரும் இணையப் பட்டியல்களில் பாட்டியின் தடம் விடுபட்டுப்போகும். முழு ஆல்பமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.